அலைமேல் ஒரு குடித்தனம்

நம் தில்லித் தமிழ்க் குழந்தைகள் கடலை ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பவர்கள். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது சென்னைக் கடற்கரையிலோ திருச்செந்தூரிலோ கால் நனைத்துவிட்டு, கைக்குட்டையில் பத்துக் கிளிஞ்சல்களை முடிந்துகொண்டு திரும்புவார்கள். அத்துடன் கடலுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு அடுத்த கோடை வரையில் முடிந்துவிடும். என் பேத்தியையும் அத்தகையவளாகவே எண்ணியிருந்தேன். ராமகிருஷ்ணபுரத்தில் பிறந்து வளர்ந்த பெண் அவள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில் எதிரே வந்து நின்று, "தாத்தா, நான் கடற்படைக்கு விண்ணப்பம் செய்யப் போகிறேன். சேர்ந்த பிறகு பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் குழுவுக்கும் பெயர் கொடுப்பேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "நம் வீட்டு மொட்டை மாடியில் ஊஞ்சல் ஆடினாலே உனக்குத் தலை சுற்றுமே, அம்மா!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுக்களை வாயிலில் நின்றிருந்த என் மகளும் சிரிக்கவில்லை. "அப்பா, அன்று எனக்குச் சொன்ன பதிலையே இவளுக்கும் சொல்லிவிடாதீர்கள். யோசித்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே சென்றாள்.

அந்தப் பழைய பதில் என்ன என்பதை அன்பர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நம் கடற்படை பெண்களை அதிகாரிகளாக ஏற்கத் தொடங்கியது 1992-ஆம் ஆண்டில். 1996-இல் கல்லூரிப் படிப்பை முடித்த என் மகள், அந்த வேலைக்கான விண்ணப்பத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் அதை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். "நம் குடும்பத்துக்கு இதெல்லாம் வேண்டாம்" என்றேன். அவள் வாதாடவில்லை. வங்கித் தேர்வு எழுதினாள். நல்ல வேலையும் கிடைத்தது. அவளுடைய கீழ்ப்படிதலைப் பற்றி நண்பர்களிடம் பெருமையாகவும் பேசியிருக்கிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அந்த இழுப்பறையை அவள் மறக்கவில்லை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகையால் இம்மாதம் எழுத எண்ணியிருந்த விஷயத்தை ஒதுக்கி வைத்தேன். ஒன்றை அறியாமல் மறுப்பது எவ்வளவு தவறோ, அறியாமல் ஒப்புவதும் அவ்வளவு தவறு. பாய்மரப் படகில் வாழ்வது என்றால் என்ன? அங்கே உண்பது எப்படி, உறங்குவது எப்படி, இடர் எவ்வளவு, இன்பம் எவ்வளவு? இவற்றை மூன்று வார காலம் படித்தும் கேட்டும் அறிந்தேன். அறிந்ததை அன்பர்கள் முன் வைக்கிறேன். நம்மிடையே இன்னும் எத்தனையோ வீடுகளில் இதுபோன்ற இழுப்பறைகள் பூட்டிக் கிடக்கக் கூடும் அல்லவா?

என் பேத்தியின் ஆசைக்கு விதை போட்டவர்கள் இருவர். ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இவ்விருவரும் 'தாரிணி' என்னும் கடற்படைப் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். வேறு எவரும் துணை இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரீமேண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், பாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டும் தங்கி, உலகை ஒரு வலம் வந்து, 2025-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் மீண்டும் கோவாவை அடைந்தார்கள். ஏறத்தாழ எட்டு மாதம். 25,000 கடல் மைலுக்கு மேற்பட்ட வழி. நமக்குப் பழக்கமான கணக்கில் 46,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. அவ்வளவு தூரத்தையும் காற்றின் உதவியால் பாய் விரித்தே கடந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பிரதமரின் 'மனதின் குரல்' வானொலி உரையில் இருவருடைய குரலும் ஒலித்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டோம். நான் கேட்டு மகிழ்ந்து மறந்துவிட்டேன். என் பேத்தி மறக்கவில்லை.

இவர்கள் பிறவி மாலுமிகள் என்று நான் நினைத்திருந்தேன். அது சரியன்று. தில்னா கடற்படையில் பண்டங்களையும் வழங்கலையும் கவனிக்கும் பிரிவில் சேர்ந்தவர். ரூபா படைக்கலங்களைச் சோதனை செய்யும் பிரிவில் சேர்ந்தவர். ஒருவருடைய தந்தை தரைப்படையிலும், மற்றவருடைய தந்தை விமானப் படையிலும் பணியாற்றியவர்கள். ஆகவே பாய்மரப் படகில் வாழ்வது என்பது இவர்களுக்கும் ஒரு காலத்தில் புதுக்குடித்தனமாகவே இருந்திருக்கும்.

புதுக்குடித்தனம் என்றதும் எனக்கு என் கதை நினைவுக்கு வருகிறது. 1971-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு படுக்கைச் சுருட்டோடும் நான் தில்லியில் வந்து இறங்கினேன். கரோல்பாகில் மொட்டை மாடி மேல் ஒற்றை அறை. 'பர்சாத்தி' என்று சொல்வார்களே, அதுதான். அதில் நாங்கள் நான்கு பிரம்மசாரிகள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழ்க்குழாயில் தண்ணீர் வரும். ஆறு மணிக்கு நின்றுவிடும். தவறினால் அன்று முழுவதும் குளியல் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் முறை வைத்துச் சமைப்போம். ரஜாய் என்பது எப்படி இருக்கும் என்பதைக்கூட அறியாமல் வந்தவன் நான். வந்த சில வாரங்களுக்குள் போர் மூண்டது. இரவு தோறும் விளக்கணைத்த நகரத்தில், குளிரில் நடுங்கியபடி, எதற்காக இங்கே வந்தோம் என்று நான் அழுதது உண்டு. இதை என் மனைவியிடம்கூடப் பல ஆண்டுகள் சொல்லவில்லை.

இப்போது 'தாரிணி'யைப் பாருங்கள். கோவாவில் உள்ள அக்வேரியஸ் படகுத் தளத்தில் கட்டப்பட்டு, 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 56 அடி, அதாவது 17 மீட்டர். பாய்மரத்தின் உயரம் ஏறத்தாழ 25 மீட்டர். எட்டு மாடிக் கட்டடம் அளவு. மேலே பார்த்தால் பெரிதுதான். ஆனால் பாய்கள், கயிறுகள், மாற்றுக் கருவிகள், எரிபொருள், பல வாரங்களுக்கு வேண்டிய உணவு ஆகிய எல்லாவற்றையும் அடைத்த பிறகு மனிதர் புழங்க எஞ்சும் இடம் மிகவும் சிறிது. எங்கள் பர்சாத்தி குறுகல்தான். ஆயினும் அது நிலையாக நின்றது. படகு என்னும் வீடு ஒரு கணமும் நிற்பதில்லை. காற்று ஒரு பக்கம் அழுத்தும்போது வீடே சாய்ந்துவிடும். சாய்ந்த தளத்தின் மேலேதான் நாள்கணக்கில் நடக்கவும் சமைக்கவும் துயிலவும் வேண்டும்.

கடலில் புதிதாகக் குடியேறுபவரை முதலில் வரவேற்பது குமட்டல். உடல் ஆடுகிறது என்று உட்செவி சொல்லும். அறையின் சுவரைப் பார்க்கும் கண்ணோ ஒன்றும் அசையவில்லை என்று சொல்லும். இவ்விரண்டு சாட்சியங்களுக்கும் நடுவில் மூளை தடுமாறுவதே அந்த நோய். அனுபவம் மிக்க மாலுமிகளையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் பழகிவிடுகிறது. அந்த மூன்று நாட்களில் கடலைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது மாலுமிகளின் அறிவுரை. எனக்கு இது மிகவும் பிடித்தது. தில்லிக்கு வந்த முதற் குளிர்காலத்தில் முடிவு செய்திருந்தால், இன்று நம்முள் எத்தனை பேர் இங்கே இருப்போம்?

அடுத்தது உறக்கம். படகில் இருவர் மட்டுமே இருந்தால், ஒருவர் விழித்திருக்கும்போதுதான் மற்றவர் கண்மூடலாம். சில மணிக்கு ஒரு முறை, இரவும் பகலுமாக, காவல் மாறும். எட்டு மணி நேரம் தொடர்ந்து உறங்குவது என்பது கரையோடு போயிற்று. படுக்கையும் நம் கட்டில் போன்றதன்று. படகு சாயும்போது உருண்டு விழாதிருக்கப் பக்கவாட்டில் துணியைத் தொட்டில் போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேல்தளத்துக்குச் செல்லும் போதெல்லாம் உடலில் வார்ப்பட்டை அணிந்து, அதன் கயிற்றைப் படகோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். இரவில் ஒருவர் தவறி விழுந்தால், உறங்கும் மற்றவருக்கு அது தெரிவதற்குள் படகு நெடுந்தூரம் சென்றிருக்கும்.

சமையலும் ஒரு வித்தைதான். அடுப்பை இரு முனையில் ஊசலாகத் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எப்பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாகவே நிற்கும். புதுக் காய்கறிகள் முதற் சில வாரங்களுக்கு வரும். பிறகு நீர் வற்றச் செய்து அடைத்த உணவே துணை. சுற்றிலும் நீர், குடிப்பதற்கோ அளவு. கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி நன்னீர் ஆக்கும் இயந்திரம் உண்டு. ஆயினும் அதற்கு மின்சாரம் வேண்டும். அது பழுதானால் மழையை எதிர்பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவக் கடல்நீர். நன்னீர்க் குளியல் என்பது விருந்து. உடுத்த துணியில் உப்புப் படிந்துவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உலர்வதே இல்லை. கரோல்பாக் குழாயடியில் வாளியோடு நின்ற எனக்கு இதைப் படித்தபோது ஓர் உறவு முறை தோன்றியது.

இவை எல்லாம் உடலைப் பற்றியவை. மனத்தைப் பற்றியது ஒன்று உண்டு. நான்கு சுவருக்குள் ஒரே ஒரு துணையோடு மாதக்கணக்கில் வாழ வேண்டும். கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போக இடம் இல்லை. எங்கள் அறையில் நால்வருள் ஒருவர் குறட்டை விட்டதற்காக இரண்டு பேர் பத்து நாள் பேசாமல் இருந்தோம். தேநீர்க் கடையும் பூங்காவும் எங்களைக் காப்பாற்றின. கடலில் தேநீர்க் கடை ஏது? ஒருவர் பிழை செய்தால் இருவர் உயிரும் போகும். ஆகையால் அங்கே நட்பு என்பது இனிய பேச்சன்று. நீ உறங்கும்போது உன் உயிரை நான் காப்பேன் என்னும் உறுதி.

இனிக் கடலின் இயல்பைக் கேளுங்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் காற்று அடியோடு நின்றுவிடுவது உண்டு. பாய் தொங்கும், வெயில் எரிக்கும், படகு இருந்த இடத்திலேயே உருளும். அதற்கு நேர்மாறானது தென்கடல். அங்கே காற்றைத் தடுக்க நிலம் இல்லாமையால், அலைகள் உலகைச் சுற்றி ஓடி வளர்கின்றன. 'தாரிணி' ஆங்கே மணிக்கு 50 கடல் மைல், அதாவது 93 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றையும், ஏழு மீட்டர் உயர்ந்த அலைகளையும் எதிர்கொண்டது. உறைநிலையை நெருங்கும் குளிர் வேறு. லிட்டல்டனிலிருந்து போர்ட் ஸ்டான்லி வரையிலான கட்டமே மிக நீண்டது. ஆறு வாரத்துக்கு மேல் கரை காணாத பயணம். அவ்வழியில்தான் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், 'நெமோ முனை' என்னும் இடத்தை இருவரும் கடந்தனர். பெயர்தான் முனை, அங்கே நிலம் இல்லை. நிலத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள கடற்புள்ளி அது. எத்திசையில் சென்றாலும் அருகில் உள்ள கரை ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும் தொலைவைவிட மிகுதி! விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் நேர்மேலே பறந்து செல்லும்போது, அவர்களே அங்குள்ளவர்களுக்கு மிக அண்மையில் உள்ள மனிதர்கள். பிப்ரவரி நடுவில் கேப் ஹார்ன் முனையையும் சுற்றி வந்தார்கள்.

புயலில் உயிர் பிழைப்பதற்கு மாலுமிகள் வழிவழியாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு. பாயைச் சுருக்கலாமோ என்ற ஐயம் எப்போது முதலில் எழுகிறதோ, அப்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது அது. காற்று முற்றிய பிறகு சுருக்க முயன்றால் கையும் போகும், பாயும் போகும். துணிச்சல் என்பதை நான் இதுகாறும் வேறு வகையாக எண்ணியிருந்தேன். முன்னெச்சரிக்கையே கடலில் துணிச்சல் என்று இப்போது தெரிகிறது.

இடரை மறைத்து எழுதினால் நான் பெற்றோருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். ஆகவே கமாண்டர் அபிலாஷ் டோமியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். 2012-13-இல் தன்னந்தனியாக, எங்கும் நில்லாமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். 2018-இல் 'கோல்டன் குளோப்' என்னும் உலகச் சுற்றுப் போட்டியில் கலந்துகொண்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், தென் இந்துமாக்கடலில் எழுந்த புயலில் அவருடைய 'துரியா' படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டது. எழுந்திருக்க இயலாமல் படகினுள் கிடந்தார். நம் கடற்படை விமானம் அவரைத் தேடிக் கண்டது. செப்டம்பர் 24-ஆம் நாள் 'ஓசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பலார் அவரை மீட்டனர். முதுகில் அறுவை மருத்துவம் நடந்தது. மீண்டும் நடக்கப் பழக வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் என்ன செய்தார்? 2022-இல் அதே போட்டிக்கு மீண்டும் சென்றார். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். முதலாவதாக வந்தவர் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர் என்னும் தென்னாப்பிரிக்கப் பெண்மணி என்பதையும் என் பேத்தி எனக்குச் சுட்டிக் காட்டினாள். தில்னாவுக்கும் ரூபாவுக்கும் பயிற்சி அளித்தவர் இந்த அபிலாஷ் டோமியே. அடிபட்ட அனுபவம் ஆசிரியராக அமர்ந்தது என்று சொல்லலாம்.

'தாரிணி'யும் இடர் அறியாத படகு அன்று. 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் பெண் அதிகாரிகள் அறுவர் இதே படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களைக் கோவாவிலிருந்து வழியனுப்பியவர் அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த, மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். 2018 மே 21-ஆம் நாள் திரும்பியபோது வரவேற்றவரும் அவரே. தாயகம் நெருங்கிய வேளையில் சுக்கான் அமைப்பு பழுதாகி, அட்டவணையில் இல்லாத மொரிஷியஸ் துறைமுகத்துக்குப் படகைத் திருப்ப வேண்டியதாயிற்று. பழுது நீக்கிய பிறகே வந்து சேர்ந்தனர். ஊர் தெரியும் தூரத்தில் வண்டி அச்சு முறிவது போன்றது அது.

இவ்வளவு இடரையும் ஈடுசெய்வது எது? நான் மிகுதியாக ஆராய்ந்தது இதைத்தான். விடை மிக எளிது: ஆயத்தம். தில்னாவும் ரூபாவும் ஒரு நாள் எழுந்து உலகைச் சுற்றப் புறப்பட்டுவிடவில்லை. மூன்று ஆண்டுகள் பழகினார்கள். முதலில் ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவராக, கோவாவிலிருந்து கேப் டவுன் வழியாகப் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ வரை சென்று மீண்டார்கள். பிறகு இருவர் மட்டுமாக அந்தமான் வரை சென்று திரும்பினார்கள். அதன் பிறகு இருவராகவே மொரிஷியஸ் சென்று வந்தார்கள். உலகச் சுற்றுக்குப் புறப்படுமுன் இவர்கள் பழகிய கடல்வழி 38,000 கடல் மைல். சுற்றிய வழியைவிட மிகுதி! பயணத்தைக் காட்டிலும் பயிற்சி நீண்டது என்பதைப் பெற்றோர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். குழந்தையை ஆற்றில் தள்ளி நீந்தச் சொல்லும் கதை அன்று இது. கரை ஓரத்தில் தொடங்கி, கழுத்தளவு நீருக்கு வந்து, பிறகே ஆழத்துக்குச் சென்றவர்களின் கதை.

"நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் தமிழர் கேட்கத் தக்க கேள்வி அன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ஆம் ஆண்டு கட்டிய 'அன்னபூரணி' என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அதை வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளே செலுத்திச் சென்று, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாய் கட்டவும் காற்றைப் படிக்கவும் அவர்களுக்கு எவரும் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கவில்லை. கடற்கரைத் தமிழர் கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் அதனோடு வாழ்ந்தவர்கள் அல்லவா? நாம்தான் அலுவலக மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து அதனை மறந்தோம்.

இத்தனை துன்பத்தையும் தாங்கிக்கொண்டு அங்கே பெறும் இன்பம்தான் யாது? காற்று சீராக வீசும் நாளில், படகு தானே வழி செல்லும். சுக்கானோடு இணைத்த காற்றுத் தகடு ஒன்று, மின்சாரமே இன்றி, காற்றைக் கொண்டே திசை மாறாமல் படகைச் செலுத்தும். அல்பட்ராஸ் பறவைகள் இறக்கை அசைக்காமல் நாள் முழுவதும் பின்தொடரும். நள்ளிரவில் ஓங்கில்கள் நீரில் ஒளிக்கோடு கிழித்துக்கொண்டு ஓடும். கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்களின் ஒளி அது. நகரத்து விளக்கொன்றும் இல்லாத வானத்தில் தென்சிலுவை விண்மீன்கள் தெளிவாகத் தெரியும். தில்லிக் குளிர்காலப் புகையில் நிலவையே தேடும் நமக்கு அது எத்தகைய செல்வம் என்பதை எண்ணிப் பாருங்கள். இவற்றுக்கும் மேலாக, பழுதானதைத் தன் கையால் சீர்செய்து, தன் கணிப்பால் வழி கண்டு, கரை சேரும்போது ஒருவருக்குத் தன் மீது ஏற்படும் நம்பிக்கை இருக்கிறதே, அதை எந்தப் பெற்றோரும் சீதனமாகக் கொடுத்துவிட முடியாது.

இவ்வளவையும் அறிந்த பிறகு, இம்மாத முதல் ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியை அழைத்தேன். "விண்ணப்பம் போடு. ஆனால் என் நிபந்தனைகள் மூன்று. நீச்சலை முழுமையாகக் கற்றுக்கொள். முதலில் சிறு படகில் பழகு. பெரிய கடலைப் பற்றிப் பிறகு பேசலாம். மூன்றாவதாக, முதல் மூன்று நாட்களில் எந்த முடிவுக்கும் வராதே" என்றேன். "நான் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில்தானே இருந்தேன், தாத்தா! தில்லியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. துடுப்புப் பிடிக்க எனக்கு முன்பே தெரியும்" என்றாள். மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் வெள்ளைச் சீருடை அணிந்து அவள் எங்கே சென்றாள் என்று நான் ஒரு முறையும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் சென்ற பிறகு என் மகளிடம் பேசினேன். "1996-இல் நான் செய்தது தவறு, அம்மா" என்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய மகளிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் வேண்டாம் என்று சொன்னதுகூட எனக்கு வருத்தமில்லை, அப்பா. எதற்காக விரும்புகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் பூட்டிவிட்டீர்களே, அதுதான்" என்றாள்.

அன்பர்களே, நாம் எல்லோரும் ஊரை விட்டு வந்தவர்கள். நம்மை வழியனுப்பிய அன்னையரும் தந்தையரும் ரயில் நிலையத்தில் கண்ணீர் விட்டார்கள், ஆயினும் அனுப்பினார்கள். தில்லிக் குளிர் அவர்களுக்குத் தென்கடல் போல அச்சம் தந்திருக்கும். அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று அவர்கள் காத்திருந்தால், நம் சங்கமும் இராது, இப்பத்திரிகையும் இராது. அவர்கள் நமக்குக் கொடுத்ததை நாம் நம் மக்களுக்கு மறுப்பது நியாயமாகுமா? எல்லாக் குழந்தைகளையும் கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை ஒரு விண்ணப்பத் தாளோடு வந்து நின்றால், மறுப்பதற்கு முன்னால் அமரச் செய்து, "ஏன்?" என்று கேளுங்கள். மறுக்க வேண்டிய காரணம் இருந்தால் அதன் பிறகும் மறுக்கலாம்.

என் பேத்தி சென்ற வாரம் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். தேர்வு பெறுவாளோ மாட்டாளோ, யான் அறியேன். நாளை முதல் விடியற்காலை நீச்சல் பயிற்சிக்குச் செல்லப் போகிறாள். ஐந்து மணிக்கு எழுப்பிவிடும் பொறுப்பு எனக்கு. கரோல்பாக் குழாயடியில் பழகிய நேரம் அது. எனக்கு அதில் சிரமம் இராது.